x-இன் தலையில் ஒரு சின்ன எண்

என் தங்கை ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். சிறு வயதிலிருந்து அடிக்கடி வந்த காய்ச்சலும் மூட்டுவலியும் செய்த வேலை அது என்றார் டாக்டர். காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு உடம்பு தேறி வர வேண்டும், அதுவரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

அவளுக்கு ஆபரேஷனைப் பற்றிப் பயம் இல்லை. பயமெல்லாம் பத்தாம் வகுப்பைப் பற்றித்தான். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அடுத்த ஜூனில் பத்தாவதுக்குப் போய்விடுவார்கள், தான் மட்டும் ஒன்பதாவதிலேயே சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டி வரும் என்று நினைத்து நினைத்து அழுவாள். மற்ற பாடங்களைப் புத்தகத்தை வைத்துத் தானே படித்துக்கொள்வாள். கணக்கு அப்படி வராது. வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், போர்டில் போட்டது கைக்கு வர வேண்டும். முழுப் பரீட்சைக்கு எப்படியும் எழுந்து வந்து எழுதிவிடுவேன், அதுவரைக்கும் கணக்கு நோட்டு மட்டும் தினமும் எனக்கு வந்துவிட வேண்டும் என்றாள். அப்பா இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. அம்மா அவள் கூடவே வார்டில் இருந்தாள். நோட்டுக்குப் போக என்னை விட்டால் ஆள் இல்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். தறி வேலைக்காகக் கருமத்தம்பட்டிக்கு வந்து குடியிருந்தோம். நான் எட்டாவதோடு நின்று தறிக் குடோனுக்குப் போய்விட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததற்கு ஒரு காரணம், அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. நான் அப்படி ஓர் ஆள். இப்போதும் அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் தினமும் ஒரு வீட்டு கேட்டில் போய் நிற்க வேண்டியதாயிற்று. தங்கையோடு படிக்கிற பெண்ணின் வீடு சோமனூர் போகிற ரோட்டில் இருந்தது. தோட்டமும் சொந்தத் தறிகளும் உள்ள வீடு. உள்ளே தெலுங்கு பேசிக்கொள்வது கேட்கும், என்னிடம் தமிழில் பேசுவார்கள். நான் கேட்டின் கொக்கியை லேசாகத் தட்டுவேன். அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்காது, நாய்க்கு மட்டும்தான் கேட்கும். நாய் குரைத்தால்தான் ஆள் வரும். நாய் குரைக்காத நாட்களில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன்.

முதல் நாள் அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோட்டு வாங்க வந்தீங்களா, நோட்டம் பார்க்க வந்தீங்களா என்று கேட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா வந்து அவரைத் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கடிந்துகொண்டார். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அவருக்கும் கூச்சமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தம்மாதான் தினமும் கேட்பார்.

“ஏனுங் தம்பி, அம்மணிக்கு இன்னைக்கு எப்படி இருக்குதுங்க?”

“பரவால்லீங்க.”

முதல் நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் பேசியது இந்த ஒரு வார்த்தைதான். அந்தப் பெண் நோட்டைக் கொண்டுவந்து கேட்டுக்கு மேலாக நீட்டும். அந்தம்மா நோட்டின் மேல் ஒரு வாழையிலைத் துண்டில் மடித்த பூவை வைப்பார். வீட்டுக்குப் பின்னால் அவர்களே வளர்த்த கனகாம்பரம், தங்கைக்காகக் கட்டியது. வார்டில் தலைக்குப் பூ வைத்த நோயாளி அவள் ஒருத்திதான்.

நான் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தேன். சாயங்காலம் நோட்டை வாங்கிக்கொண்டு குடோனுக்குப் போய், ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால், நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளைப் போட்டு வைக்கிற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்துத் தங்கையின் நோட்டில் எழுதுவேன். காலையில் வேலை முடிந்ததும் அந்தப் பெண் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோயமுத்தூர் பஸ் ஏறித் தூங்கிக்கொண்டே போவேன். கூட வேலை செய்தவர்கள் சும்மா விடுவார்களா. ஒருவர் தினமும், “என்னப்பா, அந்த ஊட்டு நாய் உன்ன மாப்பிள்ளைன்னு முடிவே பண்ணிப்போட்டுதாமா?” என்பார். தறி ஓடத் தொடங்கினால் அந்தப் பேச்சும் நின்றுபோகும்.

பல்லுறுப்புக் கோவை என்ற பாடம் வந்தது அப்போதுதான். நான் எட்டாவதில் x என்ற எழுத்தைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது என்னோடு பேசியதில்லை. நோட்டில் என்ன இருக்கிறதோ அதை வரைந்துவிடுவது என் வேலை. அர்த்தம் பார்ப்பது அவள் வேலை. முதல் வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். p(x) = 5x³ – 2x² + x – 7. அதற்குக் கீழே, அடுக்குகளில் மிகப் பெரியது எதுவோ அதுவே அந்தக் கோவையின் படி, ஆகவே படி 3 என்று எழுதியிருந்தது.

குடோனில் எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நூல் மூட்டையில் 40 என்று அச்சடித்து, அதன் தலைப்பக்கம் சின்னதாக s என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். நாற்பதாம் நம்பர் நூல் என்று அர்த்தம். நாங்கள் பாவு நூலைச் சுற்றி வைக்கிற பீம் உருளையின் மேல் சாக்பீஸால் எழுதும்போது அந்த s கீழே இறங்கி நாற்பதின் பக்கத்தில் அதே அளவில் உட்கார்ந்துகொள்ளும். சிலர் அதைப் போடவே மாட்டார்கள். அதனால் நூல் ஒன்றும் மாறிவிடுவதில்லை. தலைப்பக்கம் சின்னதாக ஏதாவது இருந்தால் அது அச்சுக்காரர்கள் அழகுக்குப் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதே கையால் பாடத்தையும் எழுதினேன். 5x3 – 2x2 + x – 7. எல்லாம் ஒரே வரியில், ஒரே உயரத்தில், பீமின் மேல் எழுதுகிற மாதிரி தடித்த எழுத்தில். அந்த வாரம் முழுக்க அப்படியே எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் எட்டாம் வகுப்பில் பாதி நாள் காய்ச்சலில் கிடந்தவள். இயற்கணிதம் தொடங்கிய நாட்கள் எல்லாம் அவளுக்குத் தவறிப்போயிருந்தன. x என்றால் அவளுக்குப் பெருக்கல் குறிதான். வாரக் கடைசியில் நான் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு நோட்டை என் பக்கம் நீட்டினாள்.

“இதுல பெருசு எதுவோ அதுதான் படின்னு எழுதியிருக்கற. ஏழுதானண்ணா பெருசு? மூணுன்னு எதுக்குப் போட்டிருக்குது?”

“அப்படித்தான் இருந்துது அம்மணி.”

“அஞ்சு பெருக்கல் மூணு பதினஞ்சு. ரெண்டு பெருக்கல் ரெண்டு நாலு. சரி. அதுக்கப்புறம் ஒரு பெருக்கல் தனியா நிக்குது பாரு. அது எதைப் பெருக்குது, காத்தையா?”

பக்கத்துக் கட்டிலில் சத்தியமங்கலத்துக்காரம்மா ஒருவர் இருந்தார். அவர் சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை.

அம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கை ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அந்த நோட்டையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். சீக்கு மூளைக்கும் போய்விட்டதோ, இனிமேல் தனக்குக் கணக்கே வராதோ என்று அம்மாவிடம் கேட்டாளாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாளாம். “நீ எழுதுனதுல ஏதாச்சும் கோளாறு இருக்குதான்னு அந்தப் புள்ளகிட்டக் கேட்டுப் பாரேன் சாமி” என்றாள் அம்மா.

கேட்டுப் பார் என்று சொல்லிவிடலாம். திரும்பி வந்த பஸ்ஸில் அந்தக் கேள்வியை எத்தனையோ விதமாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன். கேட்டில் போய் நின்றபோது எல்லாம் மறந்துபோனது. நாய் குரைத்தது. அந்தப் பெண் நோட்டோடு வந்தது. நான் வாங்கிக்கொள்ளாமல் நின்றேன். பிறகு தங்கையின் நோட்டைப் பையிலிருந்து எடுத்து, நான் எழுதிய பக்கத்தைத் திறந்து கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அதுதான் நான் கேட்ட கேள்வி.

அந்தப் பெண் பார்த்தது. கை வாய்க்குப் போயிற்று. சிரிப்பு வந்திருக்கும். ஆனால் சிரிக்கவில்லை.

“இதை மேல ஏத்திப் போடணுங்ண்ணா. சின்னதா, தலைமேல.”

காம்பவுண்டுச் சுவரின் மேல் நோட்டை வைத்து அது எழுதிக் காட்டியது. x-ஐ x-ஆல் பெருக்கி, மறுபடியும் x-ஆல் பெருக்குவதை அத்தனை நீளமாக எழுதாமல் இருக்கத்தான் தலைமேல் ஒரு சின்ன 3 போடுகிறார்கள். அந்தச் சின்ன எண்களில் எது பெரியதோ அதுதான் படி. கீழே நிற்கிற எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். புரிந்ததால் ஆட்டினேனா, சீக்கிரம் போக வேண்டும் என்று ஆட்டினேனா தெரியாது. ஆனால் குடோனுக்குப் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தபோது புரிந்திருந்தது. சின்னதாக இருப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வாரத்துப் பாடம் முழுவதையும் மறுபடி எழுதினேன். பேனா தடிமனாக ஓடியதால் ஒரு பென்சில் வாங்கி, பிளேடால் ஊசி மாதிரி சீவி, ஒவ்வொரு x-இன் தலையிலும் அதை உட்கார வைத்தேன். அறுந்த பாவு நூலை எடுத்து முடிச்சுப் போடுகிறபோது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

மறுநாள் அவள் அந்தப் பக்கத்தை ஒரே பார்வை பார்த்தாள். “ஓ” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். நான் வராந்தாவில் தூங்கி எழுந்து கிளம்பும் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தாளாம். அம்மா ஊட்டிவிட்ட சோற்றை என்ன ஏது என்று கேட்காமலே சாப்பிட்டாளாம்.

அதற்குப் பின் வந்த வாரங்களை நான் நல்ல நாட்கள் என்றுதான் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி நாட்களை அப்படிச் சொல்லக் கூடாதுதான். காலில் வீக்கம் வடிந்தது. முகம் தெளிந்தது. பொங்கல் கழிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மார்ச் மாதத்துக்குள் தையல் ஆறிவிடும், முழுப் பரீட்சைக்குப் போய்விடலாம் என்று அவள் தானே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வார்டில் எல்லோருக்கும் கோவையும் படியும் சொல்லிக்கொடுத்தாள். நர்சம்மா ஊசி போட வந்தால், இதற்குப் படி என்ன சொல்லுங்கள் என்று நோட்டைக் காட்டுவாள். சத்தியமங்கலத்துக்காரம்மா நோட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, பொட்டுப் பூச்சி ஊருற மாதர இருக்குது” என்றார். “அந்தப் பூச்சியில பெரிய பூச்சி எதுங்க, அதுதான் படி” என்று இவள் சொன்னாள்.

ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கோவையின் கடைசியில் இருந்த 7-ஐக் காட்டினாள்.

“இதுக்கு மட்டும் தனியாப் படி என்ன, சொல்லு பாக்கலாம்.”

“அதுக்குத்தான் தலையில ஒண்ணுமே இல்லையே.”

“x-ஏ இல்லாததுனால படி பூச்சியம். பாரு, x கூடவும் சேராம, யாரு கூடவும் பேசாம, கடைசில ஓரமா நிக்குது. உன்ன மாதரயே.”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் என் கைமேல் கை வைத்து, “அது இல்லாட்டிக் கணக்குத் தப்பாப் போயிருமுண்ணா” என்றாள். அவள் விரல் நுனிகள் எப்போதும் கொஞ்சம் நீலமாக இருக்கும். குளிர்ந்திருக்கும்.

மார்கழிக் கடைசியில் மறுபடி காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தோம். நான் வழக்கம்போல வேலை முடிந்து, நோட்டைக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் பாடத்தையும் பூவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பனியில் பஸ் மெதுவாகப் போனது. நான் வார்டுக்குள் போனபோது அவள் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கோ பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கையில் பையோடு அங்கேயே நின்றேன். சத்தியமங்கலத்துக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வராந்தாவைக் கை காட்டினார்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நீட்டினாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். பையைத்தான் கேட்டாள். வாழையிலையைப் பிரித்து அந்தக் கனகாம்பரச் சரத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் காட்டுங்கள் என்று உள்ளே போனாள். சடையில் வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளகோவிலுக்கே கொண்டுபோய்விடலாம் என்று மாமா சொன்னார். அப்பாவை வைத்த இடம் அங்கேதான் இருந்தது. வேன் பல்லடம், காங்கயம் வழியாகப் போய்விட்டது. கருமத்தம்பட்டி அந்த வழியில் வரவில்லை. அதனால் எங்கள் தெருவுக்கும், அவள் பள்ளிக்கூடத்துக்கும், அந்த வீட்டுக்கும் எதுவும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடோன் முதலாளிக்கு மட்டும் மாமா போன் பண்ணிச் சொல்லியிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஊரிலேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் வேலைக்குத் திரும்பினேன். வந்த அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். இத்தனை நாள் நோட்டுக் கொடுத்தவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை. இரண்டு வார்த்தைதான். அதைப் பஸ்ஸிலும் வழியிலும் சொல்லிப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை. கேட்டைத் தட்டினேன். நாய் குரைத்தது. அந்தப் பெண் வாசல் வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே ஓடியது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அப்புறம் நோட்டோடு வந்தது. நீட்டியது. நான் வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய பிறகு என்ன செய்வது? குடோனுக்குப் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். தங்கையின் நோட்டு என் பையில்தான் இருந்தது. அவள் கடைசியாகக் கணக்குப் போட்டிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து, அன்றைய பாடத்தை எழுதினேன். சின்ன எண்களைச் சின்னதாக, தலைமேல் எழுதினேன். பக்கத்தில் வந்து நின்ற ஆள், எப்போதும் நாயைச் சொல்லிக் கிண்டல் செய்கிறவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்த் தன் தறியைத் துடைத்தார்.

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். தை போய் மாசி வந்தது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், நோட்டோடு திரும்புவேன். காலையில் நோட்டைக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் கால் பஸ் ஸ்டாப்புக்குப் போகும். கோயமுத்தூர் பஸ் வந்து நிற்கும். கண்டக்டர் என் முகம் தெரிந்தவர், ஏறுங்க என்று கை காட்டுவார். நான் வேறு பஸ்ஸுக்கு நிற்பவன் போலத் திரும்பிக்கொள்வேன்.

அம்மணிக்கு எப்படி இருக்குதுங்க என்று அந்தம்மா இப்போது கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு வேலை அதிகம், மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டின் மேல் பூவும் இல்லை. பனிக்காலம், செடியில் பூ குறைந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

தொகுமுறை வகுத்தல் என்ற பாடம் வந்த அன்று ஓர் இடத்தில் எனக்குப் புரியவில்லை. 2x³ – 5x + 4 என்பதை வகுக்க வேண்டும். அதன் எண்களை மட்டும் வரிசையாக எடுத்து எழுத வேண்டும். 2, –5, 4 என்று மூன்றுதான் இருக்க வேண்டும். நோட்டில் 2, 0, –5, 4 என்று நான்கு இருந்தது. அந்த 0 கோவையில் எங்கேயும் இல்லை. இந்தப் பெண் தப்பாக எழுதிவிட்டதோ என்று பார்த்தால், அடுத்த கணக்கிலும் அப்படியே ஒரு 0 இருந்தது. முன்பு ஒரு தடவை பொருள் தெரியாமல் எழுதி அவளை அழவைத்தவன் நான். இந்தத் தடவை தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. யாருக்காக என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நானாகவே வாயைத் திறந்து கேட்டேன்.

“இந்தப் பூச்சியம் எதுக்குங்க?”

நான் பேசியதே அந்தப் பெண்ணுக்குத் திகைப்பாக இருந்திருக்கும். நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

“இதுல x-க்கு ரெண்டு போட்ட உறுப்பு இல்லீங்களே. இல்லைன்னாலும் அதோட எடத்துல ஒரு பூச்சியம் போட்டாகணுங்ண்ணா. போடாம உட்டா மத்ததெல்லாம் நகந்து வந்து அந்த எடத்துல நின்னுக்கும். வராத புள்ள பேரையும் டீச்சர் கூப்படறாங்கல்ல, அந்த மாதர…”

அங்கேயே நின்றுவிட்டது. தலையைத் தூக்கவில்லை. நோட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும்.

அந்தம்மா உள்ளேயிருந்து வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் பேசினார்.

“தம்பி, எங்களுக்குத் தெரியுமுங்க. பொங்கல் கழிஞ்சு பள்ளிக்கூடம் தெறந்த அன்னைக்கே டீச்சரம்மா சொல்லிப்போட்டாங்க. உங்க மொதலாளி வந்து சொல்லீட்டுப் போனாராமா. அப்புறம் ஒருநாள் நீங்க வந்து கேட்டுல நிக்கறீங்க. இவ அழுதுட்டு உள்ள ஓடியாந்தா. நோட்டைக் குடுத்துப்போட்டு வா, ஒண்ணும் கேக்காதைன்னு நாந்தான் சொன்னனுங்க.”

நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அழுதேனா என்றும் தெரியாது.

“பூ மட்டும் கட்ட முடியலீங்க தம்பி” என்றார் அந்தம்மா. “செடி நெறையப் பூத்துத்தான் கெடக்குது.”

பிறகு கேட்டைத் திறந்தார். இத்தனை மாதத்தில் எனக்காக அந்த கேட் திறந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்து உட்காருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க என்றார். கட்டிலில் இருந்த அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து நின்றார், பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் அவளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். இருந்தாள், செய்தாள் என்று பேச வேண்டியிருக்கும். நான், “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இனிமேல் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஆனதும் போனேன். நாய் குரைப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண் நோட்டோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு முழுப் பரீட்சை வரைக்கும் ஒருநாள் விடவில்லை. அவர்களும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு முழுவதும், கடைசிப் பாடத்தின் கடைசிக் கணக்கு வரைக்கும் அவள் நோட்டில் எழுதி முடித்தேன். அவள் எழுத்து எங்கே முடிந்து என் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே தெரியும். அவள் எழுத்து சாய்ந்திருக்கும். என்னுடையது பீமில் எழுதுகிற எழுத்து. தலைமேல் இருக்கிற எண்கள் மட்டும் இரண்டு பேருடையதும் ஒரே மாதிரி இருக்கும். அதை நான் அவளைப் பார்த்துத்தான் பழகினேன்.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது அந்த நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். “எல்லாம் படிச்சு முடிச்சுட்டாளா?” என்று கேட்டாள். நான் முடித்துவிட்டாள் என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் காலையில் நான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். புது யூனிபாரத்தில் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டாளிப் பிள்ளைகள் எல்லோரையும் எனக்குப் பார்த்தால் தெரியும். ஒருவர் பின்னால் ஒருவராகப் போனார்கள். பத்தாம் வகுப்புக்குப் போகிறார்கள். நான் ரோட்டோரத்தில் ஒதுங்கி நின்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டது. மற்றவர்கள் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அது கேரியரில் இருந்த பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டது. அதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கேட்க முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

“அண்ணா, பத்தாவது நோட்டு… சாயங்காலம் வர்றீங்களா?”

அத்தனை நாளில் நான் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியது அப்போதுதான்.

“வேண்டாமுங்க” என்றேன். “ஒம்பதாவதோட போதுமுங்க.”